மாண்ட்கோமரி ஏரியில் ஒரு மழைக்காலை

நீரடியைப் படம் பிடித்துக் காட்டும் சோனார் கருவி, மோட்டார் படகு, பெட்டி பெட்டியாகப் பொய் இரைகள் என்று பெருவாய் பாஸ் மீன் பிடிக்கும் விளையாட்டில் இன்று மலிந்துவிட்ட ஆடம்பரங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, அவ்விளையாட்டின் உலக எடைச் சாதனையானது 1932ஆம் வருஷம் ஜூன் 2ஆம் தேதி, மழையினால் வயல் சேறாகி வேலை ஓடாத ஒரு காலையில், அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்து ஏழை விவசாயியான ஜார்ஜ் பெர்ரி என்னும் இருபது வயது இளைஞர் பக்கத்து ஏரிக்குச் சற்று நேரம் போய் வந்ததில் விளைந்தது என்று சொன்னால், அது சாமர்த்தியமன்று, வெறும் அதிர்ஷ்டம் என்றே தோன்றும். அந்த அபிப்பிராயத்தைச் சிறிது பரீட்சித்துப் பார்ப்பது உசிதம்.

பெர்ரி சென்ற மாண்ட்கோமரி ஏரி, ஆக்மல்கி நதி தன் போக்கை மாற்றிக்கொண்டபோது பின்தங்கிப்போன பழைய தடமாகும். இத்தகைய நீரில் சாய்ந்து அமிழ்ந்த மரங்களே பாஸுக்கு உவந்த வாசஸ்தலம். நிழலில் பதுங்கியிருந்து, அருகே வந்ததை வாய் அகலத் திறந்து நீரோடு உறிஞ்சிக்கொள்வது அதன் சுபாவம். உறிஞ்சியது பொய்யென்று தெரிந்தால் அரைக் கணத்தில் உமிழ்ந்தும் விடும். ஆகவே, கிளையோரத்தில் இரையை விழச் செய்யும் லாகவமும், உமிழ்வதற்குள் தூண்டிற் கோலைச் சொடுக்கி முள்ளைப் பதியவைக்கும் சமயோசிதமும் இல்லாதவனுக்கு, ஏரி நிறைய மீன் இருந்தும் பிரயோஜனமில்லை.

பெர்ரிக்கும் அவருடைய தோழர் ஜாக் பேஜுக்கும் சேர்த்து அன்று கைவசம் இருந்தது, கிரீக் சப் கம்பெனியார் மீன் வடிவில் செய்த ஒரே ஒரு பொய் இரை. நீர் சிதறியது, பெர்ரி கோலைச் சொடுக்கினார், ரீலைச் சுற்றினார், அசையவில்லை. மீன் தப்பி, முள் அடிமரத்தில் மாட்டிக்கொண்டது என்று எண்ணிய அவரை வருத்தியது, கைநழுவிய மீனன்று. அந்த ஒற்றை இரையும் போய்விடுமே என்ற கவலைதான். இந்த ஆட்டத்தின் மர்மம் இங்கேதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. இரைகள் பல உடையவர், அறுந்தால் அறுந்து போகட்டும் என்று வெடுக்கென இழுத்திருப்பார். இழப்பதற்கு வேறொன்றில்லாத இவரோ இழுக்கவும் துணியாமல், தளரவும் விடாமல் தூண்டில் நரம்பைப் பிடித்திருக்க வேண்டும். மரம் என்று நினைத்தது நகரத் தொடங்கியது.

ஹெலினா என்னும் சிற்றூரின் தபாலாபீஸ் தராசு 22 பவுண்டு 4 அவுன்ஸ் காட்டியது. வசந்தத்தில் முட்டையிட்டு மீன்கள் இளைத்துப்போன பின்பு வரும் ஜூன் மாதத்தில் இந்த எடை என்பதையும் கவனிக்க வேண்டும். பீல்ட் அண்டு ஸ்ட்ரீம் பத்திரிகையின் போட்டியில் 75 டாலர் பெறுமான சாமான்கள் பரிசாக வந்தன. மீனோ, வீட்டாருக்குச் சாப்பாடாயிற்று.

77 வருஷங்களுக்குப் பின், 2009 ஜூலை 2ஆம் தேதி, ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்த பாஸ், ஏறக்குறைய ஓர் அவுன்ஸ் மிஞ்சியிருந்தும், பழைய சாதனையை வெல்ல இரண்டு அவுன்ஸாவது கூடியிருக்க வேண்டும் என்ற சர்வதேச விதியினால், சமம் என்றே தீர்ப்பாயிற்று. விதி விதிதான். ஆயினும், குரிட்டாவின் இரை உயிருள்ள புளூகில் மீன்; பொம்மையை மீனென்று நம்பவைத்தவரையும் அவரையும் ஒரே வரிசையில் வைப்பதில் எனக்குச் சிறிது மனத்தாங்கல் உண்டு. கலிபோர்னியாவின் டிக்சன் ஏரியில் 2006ஆம் வருஷம் மாக் வீக்லி தூக்கிய 25 பவுண்டு 1 அவுன்ஸ் மீன் இருவரையும் பின்தள்ளியிருக்கும். ஆனால் முள் வாயில் படாமல் உடலில் பாய்ந்திருந்தபடியால், அவர் அதை நீரில் விட்டுவிட்டுச் சாதனையைக் கோராமலே ஒதுங்கிக்கொண்டார்.

அதிர்ஷ்டவாதிகளுக்கு இன்னொரு தகவல். 1934ஆம் வருஷம் அதே பத்திரிகைப் போட்டியில், 13 பவுண்டு 14 அவுன்ஸ் பாஸ் ஒன்றைக் கொண்டு பெர்ரி மறுபடியும் பரிசு பெற்றார். முதல் மீனை அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுதியவர்கள், இந்த இரண்டாவது மீனை எந்தக் கணக்கில் எழுதுவார்களோ, அறியேன்.