சிறுவர் வட்டத்துக்கு எந்தப் புதினம்?

நம் தமிழ்ப்பள்ளிகளில் வாசிப்பு இல்லையென வருந்துவோர் பலர். வாசிப்பு உண்டு, புதினந்தான் இல்லை. 1990களின் இறுதியில் வந்த நிலாம் திட்டம் மாணாக்கர் படித்த நூல்களை எண்ணிக்கை கொண்டு அளக்கத் தொடங்கிற்று. பதினாறு பக்கப் படக்கதையும் ஒன்று. நூறு பக்கப் புதினமும் ஒன்று. பிள்ளைகள் எதை எடுப்பார்கள்? கணக்குத் தெரிந்த பிள்ளைகள் அல்லவா!

அந்த எண்ணிக்கையை ஒதுக்கிவிட்டு, புக்கிட் செலம்பாவ் வட்டாரத்தில் எங்கள் தோட்டப் பள்ளியில் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணாக்கர்க்கு வாசகர் வட்டம் ஒன்று நடத்திவருகிறேன். ஆறாம் ஆண்டு முடிந்ததும் இவர்கள் மலாய்மொழி இடைநிலைப் பள்ளிக்குச் செல்வார்கள். அங்கே தமிழ், போதிய பேர் சேர்ந்தால் நடக்கும் ஒரு பாடம். பன்னிரண்டு வயதுக்குள் ஒரு தமிழ்ப் புதினத்தைத் தானே படித்து முடிக்காத பிள்ளை, பின்னர் அதைத் தொடுவது அரிது என்பது என் துணிபு. ஆகவே நூல் தெரிவில் நாம் பிழை செய்தால், அதைத் திருத்த இன்னோர் ஆண்டு கிடைப்பதில்லை.

முதற்பிழையை நானே செய்தேன். தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தோட்டத்துக் கதை என்றெண்ணி, அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’யிலிருந்து சில பகுதிகளைப் படித்துக் காட்டினேன். பெரியோர்க்கென எழுதிய நூல் என்பது ஒருபுறமிருக்க, எங்கள் பள்ளியின் பெயரில்தான் இன்று தோட்டம் இருக்கிறது. சுற்றிலும் செம்பனை, பெற்றோரில் பலர் சுங்கைப்பட்டாணித் தொழிற்சாலைகளுக்குப் போய்வருகிறவர்கள். பால்வெட்டை விளக்கும்போது ‘மங்கு’ என்றேன். “சோறு போடுற கிண்ணமா, ஐயா?” என்றான் ஒரு சிறுவன். அது என் பிள்ளைப்பருவம், அவனுடையதன்று.

பிறகு, சுங்கைப்பட்டாணி ஆசிரியர் கே. பாலமுருகன் எழுதிய ‘மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்’ நூலைக் கொடுத்தேன். தலைப்பைக் கேட்டதுமே கைகள் நீண்டன. மர்மக் கதையா என்று முகஞ்சுளிக்கும் ஆசிரியர்கள் உண்டு. மர்மம் இழிந்ததன்று, அடுத்த இயலைப் புரட்டவைப்பதே அதன் தொழில். நம் பிள்ளைகள் தமிழில் இன்னும் பழகாத பழக்கமும் அதுதானே?

உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ 2023-இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. இக்காலச் சிறுவன் ஒருவன் கீழடியில், ஈராயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆதனைச் சந்திக்கிறான். தொல்லியல் செய்தி மிகும் இடங்களில் பிள்ளைகளின் கண் பக்கத்தைத் தாண்டி ஓடியதை மறைக்கமாட்டேன். ஆயினும், நாங்கள் வாழும் கோல மூடா மாவட்டத்திலேயே பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. சுங்கை பத்துவில் பழைய இரும்பு உருக்குலைகள் தோண்டியெடுக்கப்பட்டுள்ளன. “அங்க இருந்த பிள்ளைங்க எதை வச்சு விளையாடினாங்க?” என்று ஒருத்தி கேட்டாள். என்னிடம் விடையில்லை. அத்தகைய கேள்வியை எழுப்பும் நூலுக்குச் சில வறண்ட பக்கங்களை மன்னிக்கலாம்.

அறவுரைக்காகவே கதை கட்டும் நூல்களை மன்னிப்பதற்கில்லை. நம் நூலடுக்குகளில் அவையே மிகுதி. இறுதி இயலில் தாத்தா ஒருவர் வந்து பொருள் கூறுவார். பிள்ளைகள் அவரை முதற்பக்கத்திலேயே அடையாளங்கண்டு மூடிவிடுகிறார்கள். இதற்கு நான் கண்ட சோதனை எளிது. முதல் இயலை உரக்கப் படித்து, பாதியில் நிறுத்துவேன். “அப்புறம்?” என்று எவரும் கேளாவிடில், விருது பெற்ற நூலாயினும் அது அலமாரிக்கே திரும்பும்.

யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ இதில் தேறியது. பெரியவர்களின் தகாத தொடுதலைப் பற்றிக் குழந்தைகளே வாய்திறக்க வழிகாட்டும் கதை. 2020-இல் அதே விருது பெற்றது. இதனைப் பள்ளிக்குள் கொண்டுவரலாமா என்று சக ஆசிரியர் சிலர் தயங்கினர். எனக்கும் கூச்சம் இருந்தது. வகுப்பில் படிக்கவேண்டிய பக்கங்களை வீட்டில் இருமுறை படித்துப் பார்த்துக்கொண்டேன். பொம்மை பேசும்போது நூல் உயிர்பெறுகிறது. சில இடங்களில் ஆசிரியரே பேசுகிறார். இருப்பினும் இதை விலக்குவது, பேசக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்வதாகவே முடியும்.

ஒரு வாரத்தில் திருப்பவேண்டிய அந்நூலை மாணவியொருத்தி மூன்று வாரமாகத் தரவில்லை. கேட்டபோது, “அம்மா படிச்சிக்கிட்டிருக்காங்க, ஐயா” என்றாள். மேலும் இரண்டு பிரதிகளுக்கு எழுதியிருக்கிறேன்.