பாட்டு ஏற்றித் தரப்படும்: கையடக்கப் பாட்டுக் கருவியின் வீழ்ச்சி குறித்துச் சில குறிப்புகள்

2022 மே மாதம் ஐபாட் தயாரிப்பை நிறுத்திக்கொள்வதாக ஆப்பிள் அறிவித்தபோது ஆங்கிலப் பத்திரிகைகள் இரங்கற்பா பாடித் தீர்த்தன. ஆயிரம் பாட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம் என்ற வாக்குறுதியோடு 2001 அக்டோபரில் வந்த பெட்டி அது. 2008 நிதியாண்டில் மட்டும் ஏறத்தாழ 5.5 கோடி விற்றது. 2014-இல் ஒன்றரைக் கோடிக்கும் கீழே போனது. அதற்கடுத்த ஆண்டு முதல் தனிக்கணக்குக் காட்டுவதையே கம்பெனி விட்டுவிட்டது. கொன்றது வெளியாள் இல்லை. 2007-இல் அதே கம்பெனி கொண்டுவந்த ஐபோன்தான். மைக்ரோசாப்ட்டின் சூன் 2006-இல் பிறந்து 2011-இல் போய்ச் சேர்ந்தது. வாக்மேன் என்ற பெயரில் சோனி இன்றும் விற்கிறது, காசுள்ள செவிகளுக்காக. 'டிஜிட்டல் இசைக் கருவிச் சந்தையின் வீழ்ச்சி' என்பதாகச் சொல்லப்படும் கதை இவ்வளவுதான்.

இந்தக் கதையாடலில் ஓமலூர் எங்கே இருக்கிறது?

எங்கேயும் இல்லை. ஐபாட்டை நாங்கள் படத்தில் பார்த்ததோடு சரி. எங்கள் ஊர்ப்பக்கம் புழங்கியது தீப்பெட்டி அளவில், சட்டையில் குத்திக்கொள்ளும்படி கொக்கி வைத்த சைனா எம்.பி.3 பிளேயர். அதைவிட அதிகமாக, மெமரி கார்டு போடுகிற சைனா செட் போன். அமெரிக்காவில் கோடு சரிந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் இங்கே பஸ் ஸ்டாண்டைச் சுற்றி 'பாட்டு ஏற்றித் தரப்படும்' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்ட கடைகள் முளைத்தன. கம்பெனிகளின் விற்பனைக் கணக்கில் இந்தக் கார்டுகள் வரவே இல்லை. எனவே 'சந்தை' என்ற சொல்லையே சந்தேகத்தோடு படிக்க வேண்டியிருக்கிறது. எண்ணப்பட்டவர்களின் சரிவு மட்டுமே சரிவு. எண்ணப்படாதவர்களுக்கு ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது.

அந்தக் கடைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் விமர்சனம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. எண்பதுகளில் ரெக்கார்டிங் சென்டர் என்று ஒன்று இருந்ததை மூத்தவர்கள் அறிவார்கள். ஒரு தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதிக் கொடுத்தால் டிடிகே கேசட்டில் பதிந்து தருவார்கள். வரிசை நம்முடையது, உழைப்பு அவர்களுடையது. மெமரி கார்டுக் கடை அதன் வாரிசு. ஆனால் வரிசை கைமாறிவிட்டது. 'அண்ணா, ராஜா மட்டும் போதுமா, மிக்ஸா? அம்மாவுக்குன்னா சாமி பாட்டு தனியாப் போட்டுர்றேன்' என்று கேட்கிற பையனே தொகுப்பாசிரியன். 'சோகம்', 'குத்து', 'பஸ் பாட்டு', 'கூத்து' என்று அவன் வைத்திருந்த உறைகள் ஒரு வகைப்பாட்டியல். (முதுகலையில் எங்களுக்குச் சொல்லித்தரப்பட்ட இலக்கிய வகைமைகளைவிட அதில் உயிர் இருந்தது என்றால் பேராசிரியர்கள் கோபிப்பார்கள்.) 'பஸ் பாட்டு' என்பதைச் சேலம், நாமக்கல் தனியார் பேருந்துகளில் போகாதவருக்கு விளக்குவது கடினம். ஒரு குறிப்பிட்ட வண்டியில் போடும் பாட்டுக்காகவே முன்னால் வந்த வண்டியை விட்டுவிட்டு நிற்கிறவர்கள் உண்டு. 'கூத்து' உறையில் இருந்தவை, விடிய விடிய நடந்த கூத்தை யாரோ போனைத் தூக்கிப்பிடித்துப் பதிந்தவை. காற்றிரைச்சல், நடுவே குழந்தை அழுகிற சத்தம், எல்லாம் சேர்ந்தே இருக்கும். எந்தக் கம்பெனியும் வெளியிடாதவை இவை.

இது திருட்டுத்தானே என்பார்கள். சட்டப்படி ஆம். 1982-ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டத்தில் 2004-இல் 'வீடியோ திருடர்' என்ற வகையைத் தமிழக அரசு சேர்த்தது. திரைப்படப் பாட்டைப் பதிந்து கொடுப்பதும் அந்த விளக்கத்துக்குள் வருகிறது. ஓராண்டு வரை விசாரணையின்றி உள்ளே வைக்கலாம். சாராயம் காய்ச்சுகிறவரும் பாட்டு ஏற்றுகிறவரும் அரசின் பார்வையில் ஒரே வரிசை. அதே நேரத்தில், இசையமைத்தவருக்கும் பாடியவருக்கும் வாசித்தவருக்கும் இந்தக் கடைகள் ஒரு பைசா கொடுத்ததில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. உழைப்பைப் பற்றிப் பேசுகிற நாம் இதைத் தாண்டிக் குதித்துவிட முடியாது. ஆனால் நம்மில் பலர் கோட்பாடு படித்ததே ஜெராக்ஸில்தான். அந்தப் பிரதிகளுக்கு எந்தப் பதிப்பகத்துக்குப் பணம் கட்டினோம்? பிரதியெடுத்தல் அறிவுஜீவிக்கு எதிர்ப்பண்பாடு, தறி ஓட்டுகிறவருக்குக் குற்றம் என்பதை நான் ஏற்கவில்லை.

எம்.பி.3 என்ற வடிவமே அப்பாவியானது அல்ல. மனிதச் செவி எதைக் கேட்காது என்று கணக்குப் போட்டு, அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சேமிப்பதே அதன் தொழில்நுட்பம். ஜெர்மனியில் அதை உருவாக்கியவர்கள் செம்மைப்படுத்தப் பயன்படுத்திய பாட்டுகளில் புகழ்பெற்றது சூசன் வேகா என்ற அமெரிக்கப் பாடகி வாத்தியமில்லாமல் பாடியது. தனிக்குரல் தெளிவாக வந்தால் போதும் என்று அவர்கள் நினைத்துவிடவில்லைதான். என்றாலும், இறுக்கிச் சுருக்கிய கோப்பில் முதலில் அடிபடுவது சட்டென்று வெடிக்கிற தாள ஓசை. அடி விழும் முன்பே ஒரு மங்கலான கசிவு கேட்கும். உடுக்கையும் பறையும் இந்த வடிவத்துக்குள் நுழைந்தபோது எதை இழந்தன என்று நம் நாட்டார் வழக்காற்றியலாளர்கள் எழுதலாம். அதன் உரிமக் கட்டணம் 2017-இல் முடிவுக்கு வந்து எல்லோருக்கும் சொந்தமானபோது, இங்கே அதற்கு வேலை குறைந்துபோயிருந்தது.

காதில் மாட்டிக்கொள்ளும் கருவி மனிதரைத் தனியனாக்கும் நுகர்வுப் பண்டம் என்று ஒரு நண்பர் அடோர்னோவைக் காட்டி வாதிடுவார். 1938-இல் கேட்டலின் பின்னடைவு பற்றி அடோர்னோ எழுதியது முக்கியமானதுதான். ஆனால் நம் ஊரில் பொதுவெளியின் ஒலி யாருடையது? கோயில் திருவிழாவில் கூம்பு ஒலிபெருக்கியில் என்ன பாட்டுப் போடுவது, எந்தத் தெருவரை குழாய் கட்டுவது என்பதைத் தீர்மானிப்பது யார்? எந்தச் சாதிப் பாட்டை யார் வீட்டின் முன் ஒலிக்க விடுவது என்பதில் கைகலப்பு வரை போகிறது. அந்தப் பொதுவெளியிலிருந்து செவியைப் பிடுங்கிக்கொள்வது பின்னடைவா, விலகலா? தாரமங்கலம், ஜலகண்டாபுரம் பக்கம் தறிப்பட்டறைகளில் தலையில் கட்டிய துண்டுக்குள் வயரை விட்டுப் பாட்டுக் கேட்டபடி நூல் முடிகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். முதலாளியின் சத்தத்துக்கும் மாமியாரின் சத்தத்துக்கும் நடுவே அந்த எட்டு மணி நேரம் என்ன கேட்பது என்பது அவர்கள் கையில் இருந்தது. இதைப் புனிதப்படுத்தவும் வேண்டாம். தறிச் சத்தத்தை மிஞ்ச ஒலியைக் கூட்டிக் கூட்டிக் காது போனதும் இதே கருவியால்தான்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. மாதக்கணக்கில் இணையம் இலவசம். கார்டுக்குப் பணம் கொடுத்துப் பாட்டு ஏற்ற யாருக்கு மனம் வரும்? ஓமலூரில் வீழ்ச்சி என்று ஒன்று நிகழ்ந்தது அப்போதுதான். கடைகள் ரீசார்ஜுக்கும் போன் கவருக்கும் மாறின. எல்லாப் பாட்டும் கிடைக்கிறது, கூத்துகூட யூடியூபில் வந்துவிட்டது, அப்புறம் என்ன குறை என்று கேட்கிறார்கள். கிடைக்கிறது, மறுக்கவில்லை; கூத்துக் கலைஞர் சிலருக்கு வெளியூர் அழைப்புகூட அதனால் வருகிறது. மாறியிருப்பது வேறொன்று. பழைய பெட்டிக்கு நாம் யார் என்று தெரியாது. எந்தப் பாட்டைப் பாதியில் தள்ளினோம், எதை நள்ளிரவில் திரும்பத் திரும்பக் கேட்டோம் என்பதை அது யாரிடமும் சொல்லவில்லை. இப்போதைய செயலி நாம் கேட்பதைவிட அதிகமாக நம்மைக் கேட்கிறது. 'உங்களுக்காக' என்று அது நீட்டுகிற வரிசை, கடைப்பையனின் 'மிக்ஸ்' மாதிரி இல்லை. அவனிடம் 'இதெல்லாம் வேணாம், எடுத்துடு' என்று சண்டை போடலாம்.

சேமிப்பும் நம்முடையது அல்ல. ரெஸ்ஸோ செயலி 2024 ஜனவரியோடு இந்தியாவில் மூடப்பட்டது. அதே ஆண்டு ஏர்டெல் தன் விங்க் செயலியைக் கைவிடுவதாக அறிவித்தது. அதில் வருடக்கணக்கில் பாட்டுகளைச் சேர்த்து வைத்தவர்கள் வைத்திருந்தது பாட்டை அல்ல, அனுமதியை.

தனிப் பாட்டுக் கருவி இந்தக் காலத்தில் விற்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2017-இல் சரிகம கம்பெனி (பழைய ஹெச்.எம்.வி.தான்) கொண்டுவந்த காரவான் நன்றாக விற்றது. பழைய ரேடியோ உருவம், உள்ளே ஐயாயிரம் பாட்டு, தமிழுக்குத் தனிப் பெட்டி. பெற்றோருக்குப் பரிசாக வாங்கித் தந்தார்கள். அதில் பென் டிரைவ் செருகவும் வழியுண்டு. ஆனால் விற்றது அதற்காக அல்ல. தன் கிடங்கில் உள்ள பாட்டுகளையே ஒரு தலைமுறையின் மொத்த நினைவாகக் கம்பெனி கட்டமைத்துக் கொடுத்தது. அதில் கூத்து கிடையாது, காற்றிரைச்சல் கிடையாது.

மெமரி கார்டுகள் நெடுநாள் மின்சாரம் காணாமல் கிடந்தால் உள்ளிருப்பது மெல்ல அழிந்துபோகும். பழைய கடைக்காரர்களின் ஹார்டு டிஸ்குகளும் அப்படித்தான் பரணில் கிடக்கின்றன. சிறுபத்திரிகைகளைத் தேடித் தொகுக்கிற நண்பர்கள் இவற்றையும் கேட்டு வாங்கிப் பிரதியெடுக்கலாம். வேறு யாரும் செய்யப்போவதில்லை. இன்னும் பாட்டு ஏற்றுகிற ஒரு கடை இருக்கிறது. அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் லாரி டிரைவர்கள். ஒருவரிடம் ஏன் என்று கேட்டேன். 'தொப்பூர் கணவாய்ல டவர் விட்டுவிட்டுத்தாங்க வரும். பாட்டு நடுவுல நின்னா தூக்கம் வந்துரும்' என்று சொல்லிவிட்டு, போன முறை ஏற்றியதில் ஏழு பாட்டை எடுக்கச் சொல்லிப் பெயர் சொல்ல ஆரம்பித்தார்.