வேதியர் ஒழுக்கம்: ஒரு மதிப்பீடு

வீரமாமுனிவர் என்றவுடன் தமிழ் கற்றோர் நெஞ்சில் முதற்கண் தோன்றுவது தேம்பாவணி. மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம் அது. அடுத்து, அவர் செய்த எழுத்துச் சீர்திருத்தத்தையும் சதுரகராதியையும் தொன்னூல் விளக்கத்தையும் எண்ணிப் போற்றுவர். பரமார்த்த குரு கதையைச் சிறுவரும் அறிவர். இவ்வரிசையில் ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் உரைநடை நூலுக்குப் பெரும்பாலும் ஒரு வரியே கிடைக்கின்றது. சமயப் பணியாளர்க்கு எழுதப்பட்ட அறிவுரை நூல் என்று குறித்துவிட்டு இலக்கிய வரலாறுகள் அப்பாற் சென்றுவிடுகின்றன. இது நேரிய மதிப்பீடு அன்று. முனிவரின் தமிழ்ப்பணி எத்தேவையிலிருந்து பிறந்தது என்பதை இந்நூலே தெளிவாகக் காட்டுகின்றது.

வேதியர் யார்?

மதுரை மறைத்தளத்தில் குருமார் மிகச் சிலரே இருந்தனர். அவர்தம் பொறுப்பிலிருந்த ஊர்களோ பல. போரும் பஞ்சமும் மலிந்த அக்காலத்தில் ஒரு சிற்றூருக்குக் குரு வருவது ஆண்டில் ஓரிரு முறைதான். எஞ்சிய நாள்களில் அவ்வூரின் சமய வாழ்வைத் தாங்கியவர்கள், குருப்பட்டம் பெறாத பொதுநிலையினராகிய வேதியர்களே. பிள்ளைகளுக்குச் செபங்களைக் கற்பித்தல், ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டி வழிபாடு நடத்துதல், உயிர் பிரியும் நிலையிலுள்ள குழந்தைக்குத் திருமுழுக்களித்தல், இறந்தோரை அடக்கஞ் செய்தல், குடும்பப் பிணக்குகளைத் தீர்த்தல் ஆகிய யாவும் அவர்தம் கடமைகளாயின.

பெயரும் எண்ணத்தக்கது. ‘வேதியர்’ என்பது தமிழ் வழக்கில் அந்தணரைக் குறித்த சொல். பிறப்போடு சேர்த்து எண்ணப்பட்ட அச்சொல், இங்குத் தொண்டு பற்றிய பெயராயிற்று. நாட்டுப்புறத்திலே மறை கற்பிக்கும் எளியவனும் அப்பெயருக்கு உரியவனானான். அகராதி கண்ட முனிவர், இச்சொல்லின் எடையை உணர்ந்தே தம் நூலுக்குத் தலைப்பாக்கினார் எனக் கொள்வது பொருந்தும்.

நூலின் சிறப்பு

தலைப்பில் அமைந்த மற்றொரு சொல் ‘ஒழுக்கம்’. வேதியர் கல்வி என்றோ, வேதியர் கடமை என்றோ ஆசிரியர் பெயரிடவில்லை. கற்பிப்பவனின் வாழ்க்கையே முதற் பாடம் என்பது அவர் துணிபு. குருவோ ஊரில் இல்லை. நூலோ மக்கள் கையில் இல்லை. எழுத்தறியாத மக்கள் படிக்கக்கூடிய ஒரே ஏடு வேதியனின் நடத்தையாகவே இருந்தது. அந்நிலையில் ஒழுக்கத்தை முன்வைத்தது வெறும் அறவுரை அன்று. பயிற்றுமுறை அறிந்த ஒருவர் செய்த தேர்வு ஆகும். ஆசிரியப் பயிற்சி என்னும் பெயர் தமிழர்க்கு அறிமுகமாகு முன்னரே தமிழில் எழுந்த ஆசிரியப் பயிற்சி நூல் இது எனலாம்.

முனிவர் அவையறிந்து தமிழ் எழுதியவர். புலவர்க்குச் செய்யுள் தந்தார். பேச்சுத் தமிழ் பயிலவந்த ஐரோப்பியர்க்குக் கொடுந்தமிழ் இலக்கணம் வகுத்தார். சிற்றூர்த் தொண்டருக்கு உரைநடை தந்தார். அவருக்கு முன் வந்த தத்துவ போதகரின் உரைநடை வடசொற் செறிவால் கற்றாரையும் தயங்கச் செய்வது. அதனோடு ஒப்பிட, முனிவரின் நடை எவ்வளவோ நெகிழ்ந்தது. தேம்பாவணிக்கும் இந்நூலுக்கும் உள்ள உறவும் நோக்கத்தக்கது. அக்காப்பியத்தின் தலைவன் வளன் குருவும் அல்லன், வேந்தனும் அல்லன், உழைத்துண்ட தச்சன். பொதுநிலையில் வாழ்ந்தவனின் தூய்மையைப் பாட்டில் வைத்தவரே, அத்தகையவரின் தொண்டுக்கு உரைநடையில் இலக்கணம் கண்டார்.

குறைகள்

போற்றுதல் மட்டும் திறனாய்வாகாது. எச்சங்கள் தொடர்ந்து அடுக்கி வரும் அக்கால நீண்ட வாக்கியங்கள் இன்றைய வாசகரைக் களைப்புறச் செய்யும். நூல் வேதியரை நோக்கிப் பேசுகின்றதேயன்றி, வேதியர் அதிற் பேசவில்லை. வெயிலிலும் மழையிலும் ஊர் ஊராய் நடந்த அவர்களுள் எத்தனை பேரின் பெயர் இலக்கிய வரலாற்றில் உண்டு?

இதனினும் பெரிய குறை காலத்தினுடையது. உயர்ந்தோர் எனப்பட்டார்க்குச் சந்நியாசி குருமாரும், ஏனையோர்க்குப் பண்டாரசாமிகளும் என்று அம்மறைத்தளம் சாதி வேற்றுமைக்கு இடங்கொடுத்தது. பிறப்பின் பெயரைத் தொண்டின் பெயராக்கிய அமைப்பு, வழிபாட்டில் பிறப்பையே பார்த்தது. ஒழுக்கம் என்னும் சொல்லின் முழுப்பொருள் அங்கு நிறைவேறவில்லை என்பதை மறைத்தல் ஆகாது.

எனினும் நூலின் அடிப்படை பழுதற்றது. 2021ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிசு, வேதியர் பணியைக் கத்தோலிக்கத் திருச்சபையில் பொதுநிலையினர்க்குரிய திருப்பணியாக முறைப்படி நிறுவினார். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகட்கு முன்னரே அப்பணியின் பெருமையை உணர்ந்து, அதற்கெனத் தமிழில் ஒரு நூல் எழுதப்பட்டிருக்கின்றது. தேம்பாவணியைப் படிப்போர் வேதியர் ஒழுக்கத்தையும் உடன்வைத்துப் படித்தல் வேண்டும். ஒன்று முனிவரின் புலமையைக் காட்டும். மற்றொன்று அப்புலமை யார்பொருட்டு என்பதைக் காட்டும்.