கலாநிதிப் பட்டமும் கோப்பாய்த் தோட்டமும்

பொருளியலிற் கலாநிதிப் பட்டம் பெறுதற்கு இரு மரபுகள் வழங்கி வந்துள்ளன. பழைய பிரித்தானிய மரபில் ஆய்வேடே அனைத்தும். மாணவர் ஒரு மேற்பார்வையாளரின்கீழ்த் தனித்து ஆராய்ந்து எழுதுவார். அமெரிக்க மரபிலோ தொடக்க ஆண்டுகள் பாடநெறிக்குரியவை. நுண்பாகப் பொருளியல், பேரினப் பொருளியல், பொருளாதார அளவையியல் ஆகியவற்றிலே தேர்வெழுதித் தேறியவர்க்கே ஆய்வேட்டின் வாயில் திறக்கும். அம்பேத்கர் இவ்விரு மரபையும் கண்டவர். 1913இல் கொலம்பியாவிற் சேர்ந்து பாடங்கள் பல பயின்றார். ரூபாயின் சிக்கலை ஆராய்ந்த ஏட்டுக்காக 1923இல் இலண்டனிற் பட்டம் பெற்றார்.

1942இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் பிரித்தானிய மரபையே தழுவியது. அறிஞர் பலர் கூடிய இடத்தில் அம்மரபு சிறக்கும். மேற்பார்வையாளர் சிலரே உள்ள இடத்திலோ, அவர் அறியாததை மாணவரும் அறியாமலே பட்டம் பெற நேரும். எனவே பாடநெறி வேண்டும் என்பதில் ஐயமில்லை. இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவும் 2009இல் அதனைக் கட்டாயமாக்கிற்று. எத்தகைய பாடநெறி என்பதே வினா. அமெரிக்கப் பொருளியற் சங்கம் அமைத்த குழு, 1991இல் வெளியிட்ட அறிக்கையில், நுட்பம் மிக்கும் நடைமுறைப் பொருளாதார அறிவு குன்றியும் பட்டதாரிகள் உருவாகின்றனர் என அஞ்சியது.

இவ்வச்சத்தின் பொருளைக் கோப்பாயின் செம்மண் தோட்டங்களில் உணரலாம். 1970களின் முற்பகுதியில் வெங்காயம், செத்தல் மிளகாய் ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது குடாநாட்டுக் கமக்காரர் செழித்தனர். 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கைக்குப் பின் அச்செழிப்புத் தளர்ந்தது. தடையற்ற வாணிபம் நாட்டுக்கு நன்மை என்று பாடநூல் கூறும். அந்நன்மைக்கு விலை கொடுத்தவர் யார் என்பதை அறியப் பொருளாதார வரலாறு வேண்டும். இன்னும், குடாநாட்டின் நன்னீர், மழையாற் பெருகிச் சுண்ணாம்புக் கற்பாறையில் உவர்நீரின்மேல் தங்குவது. ஒருவர் மிகையாக இறைப்பின் அயற்கிணறும் உவர்க்கக்கூடும். இறைத்தவர் கொடுப்பதோ எரிபொருட் செலவு மட்டுமே. இவ்விழப்பைப் புறவிளைவு என இனங்காணக் கோட்பாடு வேண்டும். அளந்து காட்ட அளவையியல் வேண்டும். கிணறு கிணறாகச் சென்று வினவக் களப்பயிற்சி வேண்டும்.

ஆதலின் கோட்பாட்டையும் அளவையியலையும் குறைப்பது பரிகாரமன்று. அவற்றோடு பொருளாதார வரலாற்றையும் கள ஆய்வையும் கட்டாயமாக்குவதே தக்கது. திருநெல்வேலியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குக் கோப்பாய் அயலூர். அவ்வூர்க் கிணற்றை விளக்க இயலாத பாடநெறி, எத்தனை தாள்களைக் கொண்டிருப்பினும், நிறைவுடையதாகாது.