கொல்லிப்பாவையும் பளிங்குப் பதுமையும்

ஜாஹிலிய்யாக் காலக் கவிதைகளை அரபுக் கல்லூரிகளில் நாம் தயக்கமின்றிக் கற்பிக்கிறோம். குர்ஆனின் சொற்பொருளை விளக்க அக்கவிதைகளைச் சான்று காட்டுவது தஃப்ஸீர் ஆசிரியர்கள் காலந்தோறும் கைக்கொண்ட நெறி. ஆனால் அதே மாணவர் முன் நற்றிணையை விரித்தால், 'இது சிலையைப் பாடிய பாட்டல்லவா?' என்னும் வினா எழுகிறது. வினவுவோரைக் குறைகூற இயலாது. இன்று கொல்லிமலையில் எட்டுக்கை அம்மனே கொல்லிப்பாவை என வழங்கப்படுகிறாள். அந்த வழக்கை முன்வைத்தே பழம்பாடல்களையும் நாம் படித்துவிடுகிறோம்.

பாடல்கள் கூறுவது வேறு. நற்றிணை 201இல், தன்னை இடித்துரைத்த பாங்கனுக்குத் தலைவன் மறுமொழி கூறுகிறான். காற்று மோதினும், மழை கடுகினும், இடி விழினும், நிலமே அதிரினும் அழகு குன்றாத பாவையைப் போல் அவள் தன் நெஞ்சைவிட்டு அகலாள் என்கிறான். அவன் பாவையை வணங்கவில்லை. அதனிடம் எதையும் வேண்டவுமில்லை. மறக்க இயலாமைக்கு அது உவமை, அவ்வளவே.

அரபு கற்றோர்க்கு இது புதிதன்று. நாபிகா அத்துப்யானீ ஒரு பெண்ணின் எழிலைப் பளிங்குப் பதுமைக்கு ஒப்பிட்டார். அங்கு அவர் ஆளும் சொல் 'துமியா'. நம் 'பாவை'யைப் போலவே அதுவும் சிலையையும் பொம்மையையும் ஒருங்கே குறிப்பது. அவ்வடியை எவரும் வழிபாட்டுப் பாடலாகக் கொண்டதில்லை.

எனினும் இப்பாடல்களில் சமயமே இல்லையென வாதிடுவதும் பிழை. அம்மலையைத் தெய்வம் காக்கிறது என்கிறது அதே நற்றிணைப் பாடல். பாவையைத் தெய்வம் எழுதியது என்கிறது குறுந்தொகை 89. ஆயின் தெய்வம் வேறு, அது படைத்த பாவை வேறு. அகநானூறு 209 இதற்கு வலுவூட்டுகிறது. முள்ளூர் மன்னன் காரி, வல்வில் ஓரியைக் கொன்று, பலாவளம் மிக்க கொல்லியைச் சேரர்க்கு ஈந்த செய்தியும் பாவையும் அங்கு அடுத்தடுத்து வருகின்றன. மலைக்குரியவன் மாண்டும் பாவை காக்கவில்லையே எனப் புலவர் ஏங்கவில்லை. காக்கும் கடமை அதற்கு உண்டென்று அவர் கருதியதற்கும் அப்பாடலில் சான்றில்லை.

இத்தகைய வாசிப்புக்கு நமக்கு முன்னோடி உண்டு. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த இப்னுல் கல்பி, 'கிதாபுல் அஸ்னாம்' நூலில் அரபியரின் சிலைகளைக் கவிதைச் சான்றுகளோடு பதிவு செய்தார். எச்சிலை எங்கிருந்தது, எக்குலம் வணங்கியது, எவர் தகர்த்தார் என ஒவ்வொன்றாக வினவினார். அதனால் அவரது தவ்ஹீதுக்கு ஊறு நேரவில்லை. கொல்லிப்பாவைக்கு அவர் ஒரு பதிவு எழுதியிருப்பின், மேற்கூறிய மூன்று பாடல்களைக் கொண்டு அது இவ்வாறே அமைந்திருக்கும்: இடம், கொல்லியின் குடவரை, செய்தது, தெய்வம், வணங்கிய குலம், பாடல்களில் இல்லை.