பழைய லினக்ஸில் டெசராக்ட்: சுற்றுவழிகள் பற்றி ஒரு விமர்சனம்

முத்தாண்டிக்குப்பம் வீட்டில் சென்ட்ஓஎஸ் 6 ஓடும் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. அதை மாற்ற முடியாததற்குக் காரணம் அதோடு வரும் ஸ்கேனர். டிரைவரை பைனரியாக மட்டுமே கொடுத்திருந்தார்கள். புதிய லினக்ஸில் அது வேலை செய்யவில்லை. நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா, வாரப் பத்திரிகைகளிலிருந்து கிழித்து பைண்ட் செய்து வைத்த அந்தக் காலத் தொடர்கதைகளை இதில்தான் தினமும் ஸ்கேன் செய்கிறார். நான் வார இறுதியில் மட்டும் வருகிறவன், லேப்டாப்பும் என்னோடு போய்விடும். அதனால் படத்தை எழுத்தாக்கும் டெசராக்டும் இதே மெஷினில் ஓடியாக வேண்டும்.

இணையத்தில் தேடினால் முதலில் வரும் பதில், "அப்கிரேட் பண்ணிடுங்க." 2020 நவம்பர் 30-க்குப் பிறகு சென்ட்ஓஎஸ் 6-க்கு அப்டேட் கிடையாது என்பது உண்மை. அதனால்தான் மெஷினை நெட்டிலிருந்து பிரித்து வைத்திருக்கிறேன். கோப்புகள் எல்லாம் பென்டிரைவில்தான் போகும். ஆனால் ஸ்கேனர் பற்றி ஒரு வார்த்தை சொல்லாத பதிலை எப்படித் தீர்வு என்பது?

அடுத்த வகை வழிகாட்டிகள் இன்னும் மோசம். சிஸ்டத்தின் பைத்தானை எடுத்துவிட்டுப் புதியதை வை என்கிறது ஒன்று. யம் அந்த 2.6 பைத்தானை நம்பித்தான் ஓடுகிறது. மாற்றிய நிமிடமே யம் போச்சு. இன்னொன்று ஜி-லிப்சியையே மாற்றச் சொல்கிறது. அது தப்பினால் எல்எஸ் கட்டளைகூட ஓடாது, பூட் டிஸ்க்கைத் தேட வேண்டியதுதான். டாக்கர்? அதற்கு கெர்னல் 3.10 வேண்டும், இங்கே இருப்பது 2.6.32. புது ஜி-லிப்சியைத் தனி ஃபோல்டரில் வைத்து ஓட்டினாலும், 2.26-லிருந்து அது கெர்னல் 3.2-ஆவது கேட்கிறது. 'கெர்னல் ரொம்பப் பழசு' என்று சொல்லிவிட்டு நின்றுவிடும்.

எல்டி லைப்ரரி பாத்தை பாஷ்ஆர்சியில் எழுதி வைக்கிற பழக்கம்தான் எனக்குப் பெரிய எரிச்சல். நாம் ஒரு நிரலுக்காக வைத்த லைப்ரரியை, அந்த ஷெல்லிலிருந்து ஓடும் எல்லா நிரலும் எடுத்துக்கொள்ளும். எது எதனால் உடைந்தது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. ஆப்ட் ஃபோல்டருக்குள் எல்லாவற்றையும் நிறுவி, லிங்க் செய்யும்போதே ஆர்பாத்தில் பாதையை எழுதிவிட்டால் அந்த நிரலோடு விஷயம் முடிந்தது.

கம்பைலர் பிரச்சினைக்கு ரெட் ஹேட்டின் டெவ்டூல்செட் நல்ல வேலை. சென்ட்ஓஎஸ் 6-இன் ஜிசிசி 4.4, சி பிளஸ் பிளஸ் 11-ஐ முழுசாகப் புரிந்துகொள்ளாது. டெவ்டூல்செட் புது ஜிசிசியைக் கொடுத்து, சிஸ்டத்தில் இல்லாத லைப்ரரிப் பகுதியை மட்டும் நிரலுக்குள்ளேயே சேர்த்துவிடுகிறது. பழையதைத் தொடுவதே இல்லை. டெசராக்ட் 5-க்கு சி பிளஸ் பிளஸ் 17 வேண்டும், 4.1-க்கு 11 போதும், நியூரல் எஞ்சின் 2018-இல் வந்த 4-லேயே இருக்கிறது. 4.1-ஐ எடுத்தேன். கான்ஃபிகர் ஸ்கிரிப்டை லேப்டாப்பில் உருவாக்கிக் கொண்டுபோனேன். அது வெறும் ஷெல் ஸ்கிரிப்ட், எங்கேயும் ஓடும்.

ஓடியது. ஆனால் அப்பா முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "ஏன்டா, தும்பிக்கை வச்ச எழுத்து இதுக்குப் படிக்கத் தெரியாதா?" என்றார். 1978 அரசாணைக்கு முந்தைய ணை, லை, ளை, னை, கூடவே ணா, றா, னா. யூனிகோடுக்குப் பழைய வடிவமும் புது வடிவமும் ஒன்றுதான், எழுத்துருவில்தான் வித்தியாசம். டெசராக்டின் தமிழ் மாடல் கம்ப்யூட்டர் எழுத்துருக்களில் உருவாக்கிய வரிகளைப் பார்த்துப் பழகியது. அதற்குத் தும்பிக்கை புதுசு.

திரும்பப் பழக்க வேண்டும் என்றால் பாங்கோ, கெய்ரோ, ஐசியு என்று இன்னொரு சங்கிலி. இங்கே நான் ஒரு தப்பு செய்தேன். அதையும் பழைய மெஷினிலேயே கட்டப் போய், மூன்று வார இறுதிகள் வீண். பழக்கும் வேலையை லேப்டாப்பில் செய்யலாமே! கடைசியில் கிடைப்பது ஒரே ஒரு டிரெயின்ட்டேட்டா கோப்பு. அது எந்த கெர்னல், எந்த ஜி-லிப்சி என்று கேட்பதில்லை. எந்த இடத்தில் வேலையைப் பிரித்து, கோப்பை மட்டும் கை மாற்றலாம் என்று இந்த வழிகாட்டிகளில் ஒன்றுகூட யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

பழக்குவதற்கு வரியின் படமும் சரியான எழுத்தும் ஜோடியாக வேண்டும். அப்பா திருத்தி வைத்த வரிகளையே எடுத்துக்கொண்டேன். இப்போது னை, லை பெரும்பாலும் சரியாக வருகின்றன. ணா இன்னும் தகராறு செய்கிறது. அடுத்த கட்டு வரிகளை அப்பா திருத்திக்கொண்டிருக்கிறார்.