குரோனினின் நாவலும் என்.எச்.எஸ்-ஸும்

பிரிட்டனின் பொது மருத்துவ சேவையான என்.எச்.எஸ் பற்றி எதைப் படித்தாலும் ஏ.ஜே. குரோனினின் 'தி சிட்டடல்' (1937) வந்துவிடும். அந்த நாவல்தான் மக்கள் மனசைத் தயார்செய்தது, 1948 ஜூலை 5-ல் திட்டம் தொடங்க வழிவிட்டது என்பார்கள். நானும் நம்பி அப்படியே குறிப்பு எழுதி வைத்திருந்தேன். போன வாரம் நாவலை மறுபடி முழுசாகப் படித்ததும் அந்த வரியை அடிச்சுட்டேன்.

நாவலுக்குக் கோபம் டாக்டர்கள் மேல்தான். அறுவை சிகிச்சையே சரியாகத் தெரியாத 'நிபுணர்', பணக்காரர்களுக்கு வேண்டாத ஊசி போட்டுச் சம்பாதிக்கும் லண்டன் கூட்டம். நியாயமான கோபம். ஆனால் கடைசியில் கதாநாயகன் மேன்சன் என்ன செய்கிறான்? இரண்டு நண்பர்களோடு சின்ன ஊரில் கூட்டு கிளினிக் வைக்கக் கிளம்புகிறான். எல்லாருக்கும் அரசு மருத்துவம் என்ற இடத்துக்குக் கதை போகவே இல்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது நடுவில் வரும் அபெரலா பகுதி. குரோனின் 1920-களில் வேல்ஸின் சுரங்க ஊரான ட்ரெடிகரில், தொழிலாளர் மருத்துவ உதவிச் சங்கத்தின் டாக்டராக இருந்தவர். கூலியில் பவுண்டுக்கு மூணு பென்ஸ் சந்தா. அன்றைய கணக்கில் பவுண்டுக்கு 240 பென்ஸ், ஆக 80-ல் ஒரு பங்கு. 1911 காப்பீட்டுச் சட்டம் தொழிலாளிக்கு மட்டும் டாக்டரைத் தந்தது. மனைவி, பிள்ளைகள் வெளியே. ட்ரெடிகர் சங்கம் குடும்பத்தையே சேர்த்துக்கொண்டது.

இந்தப் பெரிய விஷயம் நாவலில் மங்கலாகத்தான் தெரிகிறது. அங்கே கமிட்டி என்றால் சில்லறைச் சண்டை, பொய்ச் சான்றிதழ் கேட்கும் தொழிலாளி, உதவி டாக்டர்களின் வருமானத்தில் பங்கு பிடுங்கும் தலைமை டாக்டர். பொய்யென்று சொல்லமாட்டேன், மேசைக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்தவர் பார்த்தது அது.

அதே சங்கத்தின் மருத்துவமனைக் கமிட்டியில் அந்தப்பக்கம் உட்கார்ந்தவர் அனைரின் பெவன், முன்னாள் சுரங்கத் தொழிலாளி. 1945-ல் சுகாதார அமைச்சரானதும், ட்ரெடிகரில் இருந்ததைத்தான் நாட்டுக்கே தருகிறேன் என்றார். இதிலும் பாதிதான் உண்மை. சந்தாவுக்குப் பதில் பெரும்பாலும் வரிப்பணம் வந்தது, மருத்துவமனைகள் அரசுடைமையாயின. ஆனால் டாக்டரை நியமிக்கும் கமிட்டியில் தொழிலாளி உட்காரும் ஏற்பாட்டை மட்டும் பெவன் லண்டனுக்கு எடுத்துப்போகவில்லை. டாக்டர்களும் அதற்குச் சம்மதித்திருக்க மாட்டார்கள்.